அலைக்கு நாலு மணி நேரம் தள்ளி ஒரு பட்டறை

உடைந்த அலைப்பலகைகள், அதாவது சர்ஃபிங் போர்டுகள், பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்தான் வரும். சனி, ஞாயிறு கேரளக் கடற்கரைக்குப் போன கோயமுத்தூர்க்காரர்கள், முகம் கறுத்து, காதில் இன்னும் மணலோடு, காரின் மேல் போர்டைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் கணபதிப் பகுதியில் இருக்கும் என் பட்டறையைத் தேடி வருவார்கள். மற்ற நாட்களில் எனக்கு வேறு வேலை. தண்ணீர் டேங்க், பாத்ரூம் கதவு, பம்ப் கவர் என்று எல்லாம் ஃபைபரில்தான். ஃபைபர் வேலை செய்தவர் யாராவது இதைப் படித்தால், முழங்கைக்குள் ஏறிய தூசி மூன்று குளியலுக்கும் போகாமல் அரிப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு ஊரில் கடல் இல்லாமல் இருப்பவருக்கும் ஏறக்குறைய அதே அரிப்புதான். உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

டேங்க் வேலை

நான் ஒட்டிய முதல் போர்டு சங்கீதாவுடையது. பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவர். வெளிர் நீலத்தில், ஆறடிக்கும் குறைவாக, பின்பக்கம் மீன் வால் மாதிரி பிளந்த பலகை. பாறையில் இடித்து வயிற்றுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உடைந்திருந்தது. ஃபைபர்தானே, ஒரு மணி நேர வேலை என்று வாங்கி வைத்தேன். அலைப்பலகையை அதற்கு முன் நான் தொட்டதுகூடக் கிடையாது.

டேங்க்குக்குக் கலக்குகிற ரெசின் பசையையே கலந்து ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஓட்டை இன்னும் பெரிதாகி, உள்ளே ஒரு சொம்பை உட்கார வைக்கலாம் போலிருந்தது. அந்தப் போர்டின் உள்ளே இருந்தது ஒரு வகைத் தெர்மாகோல். என் ரெசின் அதைக் கரைத்துத் தின்றுவிட்டது. சாயங்காலம் சங்கீதா வந்தபோது எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து அந்தக் குழியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம். வேறு போர்டு வாங்கித் தந்தேன், வாங்கிக்கொண்டார். பழையதை மட்டும் என் மேஜை மேலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: “இதை நீங்களே வச்சுக்கங்க. ஒட்டி, நீங்களே ஒருக்கா ஏறிப் பாத்துப்போட்டு, அப்புறம் அடுத்தவங்க போர்டைத் தொடுங்க.”

கிணற்று நீச்சல்

சொன்னபடி செய்தேன். சரியான ரெசின் எது என்று கேட்டு வாங்கி, குழியை அடைத்து, தேய்த்து, மீன்வாலை என் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை விடிகாலை கிளம்பினேன். பாலக்காடு வழியாக நாலு மணி நேரத்தில் ஒரு சின்னக் கடற்கரை. அங்கே அலையேறக் கற்றுக்கொடுக்கிற ஷமீரின் நம்பரை சங்கீதாதான் கொடுத்திருந்தார். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

நீச்சல் தெரியுமா என்று ஷமீர் கேட்டார். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் என் மீன்வாலை வாங்கி மணலில் வைத்துவிட்டு, பெரிய ஸ்பாஞ்சு மாதிரியான மெத்தைப் போர்டு ஒன்றைக் கொடுத்தார். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதானாம், தலையில் அடித்தாலும் வலிக்காது. அன்று அது என் தலையில் எத்தனை தடவை அடித்தது என்று தெரியாது. ஒவ்வொரு அலையும் வந்து, என்னைக் கவனிக்கக்கூட இல்லாமல், புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. மூக்கு எரிய, மணலைத் துப்பிக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். ஷமீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: “சேட்டா, கிணத்துல தண்ணி உங்களையே பாத்துட்டு இருக்கும். இங்க தண்ணிக்கு வேற ஜோலி உண்டு.”

ஒன்பது அடி

அப்புறம் மாதம் இரண்டு முறையாவது போனேன். மெத்தைப் போர்டில் முழங்கால் போட வந்தபின், ஷமீர் தன் பழைய லாங்போர்டு ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார். ஒன்பது அடி, பழுப்பேறிய மஞ்சள். லாங்போர்டுக்கு அவசரமே கிடையாது. அலை பின்னால் வந்து தொட்டதும், யோசித்து, பிறகு சம்மதித்து, மெதுவாக நகரும். அதன் மேல்தான் முதல்முறையாக எழுந்து நின்றேன். நிற்கிறேன் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அத்தனை நேரம் காதை அடைத்த இரைச்சல் சட்டென்று எங்கோ போய்விட்டது. காலுக்கடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது, நான் மட்டும் அப்படியே இருந்தேன், கரை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அதே மயக்கத்தில் வண்டி ஓட்டி வந்தேன். எல்லையில், வாளையாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போர்டை அந்த அதிகாரி தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன என்றார். ஒன்றுமில்லை, இதன் மேல் நின்று அலையில் வருவது என்று விளக்கினேன். முகவரியைக் கேட்டார், கணபதி என்றேன். ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: “சரி, போங்க. கணபதிப் பக்கம் அலை எங்க வருதுன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு போன் பண்ணுங்க.”

உறை

ஒன்பது அடிக்கு உறை எங்கும் கிடைக்கவில்லை. கோட்டைமேட்டில் கார் சீட் கவர் தைக்கிற நாசர் பாயிடம் போர்டையே தூக்கிக்கொண்டு போனேன். அவர் கடையின் முழு நீளமும் அதற்கே சரியாக இருந்தது. இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் போனால் உறை தயார். வெயில் படாமல் இருக்க உள்ளே வெள்ளித்தாள் மாதிரியான துணி, தோளில் மாட்ட அகலமான பட்டை. நான் கேட்காமலே உள்பக்கம் ஜிப் வைத்த ஒரு சின்னப் பையும் இருந்தது. இது எதற்குங்க பாய் என்றேன். நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “கடலுக்குள்ள போற மனுஷனுக்கு வீட்டுச் சாவி வைக்க ஒரு இடம் வேணுமில்லைங்களா?”

குட்டைப் போர்டு

பேராசை வராமல் இருக்குமா? பட்டறைக்கு வருகிற இளைஞர்களின் போர்டுகள் வேறு மாதிரி இருந்தன. மெல்லிசாக, வெள்ளையாக, முனை கூர்மையாக. வெளிநாடு போன ஒருவர் தன் குட்டைப் போர்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். கையில் எடுத்தால் எடையே தெரியாது. தண்ணீரில் வைத்து மேலே படுத்தால் என்னையும் சேர்த்துக்கொண்டு நெஞ்சு வரை முங்கும். ஆறு தடவை போயும் ஒரு தடவைகூட நிற்க முடியவில்லை. கடைசித் தடவை விழுந்தபோது பலகையின் அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடு கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. தண்ணீர் சிவந்ததைப் பார்த்து முதலில் அது என் ரத்தம் என்றே எனக்கு உறைக்கவில்லை.

தையல் போட்டுக்கொண்டு நொண்டியபடி வீடு வந்தேன். என் மனைவி கோமதி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். இதோடு கடல் முடிந்தது என்றுதான் நினைத்தேன். போர்டுகளையெல்லாம் யாருக்குக் கொடுப்பது என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவள் மருந்து வைத்து, புதுத் துணி சுற்றி, முடிச்சுப் போட்ட பிறகு சொன்னாள்: “அடுத்த தடவை நானும் வாரேன். அங்க போயி அப்படி என்னத்தைத்தான் பாக்கறீங்கன்னு நானும் பாக்கோணும்.”

பத்து நிமிஷம்

கோமதி ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதும், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்குப் பத்து நிமிஷம் என்று பதில் சொல்வதும், இடையில் போன் எடுப்பதும் வேலை. வீட்டுக்கு வந்தால் வீட்டில் இருக்கிற நாங்கள் ஆளாளுக்கு அவளைக் கூப்பிடுவோம்.

தை மாதம், காலை வேளை. கடல் அன்று குளம் மாதிரி கிடந்தது. அலையேற வந்தவர்கள் ஏமாந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்ற கோமதி, அந்த நீளமானதில் சும்மா படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஷமீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மல்லாந்து படுத்தாள். முதலில் இரண்டு கையாலும் போர்டின் ஓரத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் விட்டுப்போயின. கை இரண்டும் தண்ணீரில் தொங்கின. போர்டு மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. வெயில் ஏறுகிறதே என்று ஒருமுறை கூப்பிட்டேன். கண் மூடியிருந்தது. பயந்து மறுபடியும் கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “ஏனுங்க, கொஞ்ச நேரம் கூப்புடாதீங்க.”

சோமனூர் துணி

போன வருஷம் சின்னச்சாமி அண்ணன் டேங்க் வாங்க வந்தார். சோமனூரில் பன்னிரண்டு தறி வைத்திருக்கிறார். நான் அப்போது மேஜை மேல் முதன்முதலாக ஒரு போர்டை நானே செதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் டேங்க்கை மறந்துவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தார். மேலே கண்ணாடி நார்த் துணி போர்த்தி ரெசின் ஊற்ற வேண்டும், அதற்கு அடியில் அழகுக்கு வேறு துணியும் வைக்கலாம் என்றேன். மறுநாளே தன் தறியில் ஓடிய, சாயம் ஏற்றாத காடாத்துணியை ஒரு மடிப்பு கொண்டுவந்தார்.

பருத்தி ரெசினைக் குடித்துக்கொண்டே இருக்கும், அடியில் காற்று நின்றால் கொப்புளம் கட்டும், கடலில் அங்கேதான் உரியும். கட்டை விரலால் நீவி நீவியே ஒரு காலைப் பொழுது போனது. காய்ந்ததும் துணியின் இழை ஒவ்வொன்றும் தேனுக்குள் இருப்பது போலத் தெரிந்தது. அதைக் கடலுக்கு எடுத்துப் போன அன்று அண்ணனும் வண்டியில் ஏறிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, அலை வந்து தொடும் இடத்தில் நின்றார். நான் உள்ளே போனேன். உரிந்தால் இத்தனை தூரம் வந்தவர் எதிரில் உரியுமே என்ற பயத்தில் மூன்று அலையை விட்டுவிட்டேன். நாலாவதில் எழுந்தேன். பலகை முனகாமல், நடுங்காமல், நேராக அவர் நின்ற இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து போர்டின் மேல் உள்ளங்கையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிவிட்டுச் சொன்னார்: “நாப்பது வருஷம் துணி ஓட்டிட்டேனுங்க. கடலுக்குள்ள போயிட்டு நனையாம வந்த துணியை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

கடலோரத்தில் பிறந்திருந்தால் நான் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, கடலை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, அதில் ஒருநாளும் இறங்காமல், நிம்மதியாக டேங்க் செய்துகொண்டிருந்திருப்பேன் என்றுதான் படுகிறது.