ஏறினால் சம்மதம்

டிரைவரம்மா வாயாடிதான். அதை அவளே மறுக்க மாட்டாள். பேருந்துக்குக் குறுக்கே பாய்கிற சைக்கிள்காரனின் ஏழு தலைமுறையையும் ஜன்னல் வழியே நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கியருக்குப் போவாள். அப்படிப்பட்டவள் தையல்காரி முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவாள்.

இருவரும் மனம் ஒத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் குடித்தனம் நடத்த ஒரு கூரை இல்லை. இவளுக்குப் பணிமனையின் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். அவளுக்குத் தையல் கடைக்குப் பின்னால், துணிமூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய். பணிமனைக் குடியிருப்பில் டிக்கெட் செக்கர் வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியானதும், குடும்பமாக இருக்கத் தங்களுக்குத் தரும்படி டிரைவரம்மா தொழிலாளர் சங்கத்தில் கேட்டுவிட்டாள்.

அந்தச் சங்கத்தில் ஓட்டுப் போடுகிற முறையே அலாதி. கையைத் தூக்கச் சொன்னால் சில புண்ணியவான்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள் என்று, ஷெட்டில் ஒரு பேருந்தை நிறுத்திவிடுவார்கள். சம்மதம் என்றால் ஏறி உட்கார வேண்டும், இல்லையென்றால் கீழே நிற்க வேண்டும். வீட்டு விஷயத்தில் ஒருவர் கீழே நின்றாலும் வீடு கிடையாது.

சங்கத் தலைவரான செக்கர் தொண்டையைச் செருமினார். “உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா காலங்காலமா ஊரு ஒத்துக்காத விஷயம். நாம எப்படி ஒத்துக்கிறது?”

“பொம்பளை ஓட்டுற வண்டில ஏறமாட்டோம்னு என்னை ஒரு வாரம் காலி வண்டி ஓட்ட வச்சாங்களே, அதுவும் காலங்காலமா ஊரு ஒத்துக்காததுதான். ஒரு தப்பை ரொம்ப நாள் செஞ்சா சரியாயிடுமாண்ணே?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

“வேறன்னா வேறதான்,” என்றார் செக்கர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மெக்கானிக்குகள் ஏறினார்கள். நடத்துநர்கள் ஏறினார்கள். முணுமுணுத்தபடி ஏறியவர்களும் உண்டு. கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் போதும் என்று ஏறியவர்களும் இருந்திருக்கலாம். கடைசியில் கீழே செக்கர் மட்டும் நின்றார். முன் இருக்கையில், முடிவு கேட்க வந்திருந்த தையல்காரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்த டிரைவரம்மாவால் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பணிமனைக் கேன்டீனை நடத்துகிற செக்கரின் மனைவி பேருந்துக்குள்ளிருந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“என்னங்க, கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க குறட்டை விடுறீங்க. அதுவும் காலங்காலமா நடக்கிறதுதான். அதுக்காக அது நல்ல பழக்கமா?”

சிரிப்பில் பேருந்தே குலுங்கியது.

“குறட்டைக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?”

“அதையும் பொறுத்துக்கிட்டு ஒரே வீட்ல இருக்கேனே, அதுக்குப் பேருதான் குடும்பம். அதைத்தான் அவங்களும் கேக்கறாங்க. ஏறுங்க!”

செக்கர் படிக்கட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். தையல்காரிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது.

“நகர்ந்து உக்காரும்மா,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே. “பக்கத்து வீடு ஆகப்போறோம்.”

டிரைவரம்மா பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தாள். ஊரையே வாயால் ஓட்டுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியே ஸ்டியரிங்கில் கவிழ்ந்து அழுதாள். நெற்றி பட்டு ஹாரன் ஷெட் அதிர அலறியது. நிறுத்தச் சொல்லி ஒருவர்கூடக் கத்தவில்லை.