பதினான்காவது ஆள்

மணியம் மலேசியாவில் லாபிஸ் தோட்டத்தில் பிறந்து, பாசிர் கூடாங்கில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஓட்டியவர். ஷிப்ட் சூப்பர்வைசர். கறாரான ஆள். ஒரு நிமிடம் தாமதமாக வந்தவனையும் பார்வையாலேயே பொசுக்கிவிடுவார். மணியம் கணக்கு தப்பாது என்று மேலிடத்தில் பேர். அந்தப் பேர்தான் அவரைக் கவிழ்த்தது.

வாயு கசிந்த அன்று மத்தியானம், அவருக்குக் கீழே வேலை செய்த பதினான்கு பேரும் வாசலுக்கு வெளியே ஓடி வந்திருக்க வேண்டும். மணியம் தலைகளை எண்ணினார். பதினான்கு. "எல்லாரும் வந்துட்டாங்க" என்று தீயணைப்புக்காரர்களிடம் சொன்னார். அவர் சொன்னபிறகு யார் மறுபடி எண்ணப்போகிறார்கள்? டிரம் இறக்க வந்த லாரி டிரைவரும் அவர்களைப் போலவே மஞ்சள் சட்டையில் கூட்டத்தோடு நின்றிருந்தான்; பதினான்காவது தலை அவனுடையது. அவருடைய ஆட்களில் ஒருவனான மதிவாணன் பம்ப் அறையில் மயங்கிக் கிடந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும், பிழைத்திருப்பான்.

அதற்குப்பிறகு மணியம் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறினாலும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தார். சோறு இறங்கவில்லை. மனைவி வாசுகி ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜொகூர் பாருவில் ஹிப்னோதெரபி செய்யும் யோகேஸ்வரியிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

யோகேஸ்வரி நல்ல மனுஷி. அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, மெல்லப் பேசிப் பேசி உடம்பைத் தளர்த்தி, அந்த வாசலுக்கே கூட்டிப்போனாள்.

"திரும்ப எண்ணுங்கண்ணே. யாரு இல்ல?"

"மதி இல்லீங்க."

"உள்ள போயி கூட்டிட்டு வாங்க."

மணியம் போனார். தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். மதிவாணன் இருமினான். "தண்ணி குடுங்கண்ணே" என்றான். கண் விழித்தபோது மணியம் சிரித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பாதி இறங்குவதற்குள் உண்மை ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

ஐந்து சனிக்கிழமை இதே கதைதான். ஐந்து முறை காப்பாற்றினார், ஐந்து முறை பறிகொடுத்தார். என்ன வைத்தியமோ! ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. குணமாவதற்கு அல்ல, அவனைப் பார்ப்பதற்குத்தான் போனார். இதை வாசுகியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆறாவது வாரம் யோகேஸ்வரி சொன்னாள்: "இன்னிக்கு அவர கூட்டிட்டு வர வேணாம்ணே. சொல்லிக்கிட்டு, விட்டுட்டு வந்துடுங்க. அப்பதான் உங்களுக்கு ஆறும்."

தெரியாமல் ஒருமுறை விட்டு வந்ததற்கே இந்தப் பாடு. தெரிந்தே விட்டு வருவதா? மணியம் கண்ணை மூடி, மயங்கினவர்போல உடம்பைத் தொய்யவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். மயக்கம் எதுவும் இல்லை. பக்கத்து அறையில் வாசுகி செருமுவது தெளிவாகக் கேட்டது.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"உள்ள இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல டாக்டர். எல்லாரும் வந்துட்டாங்க."

யோகேஸ்வரி நிம்மதியாக ஃபைலை மூடினாள். விஷயம் கேட்ட வாசுகி சாமியைக் கும்பிட்டாள். அன்றைக்குத் தீயணைப்புக்காரர்களும் அவரை இப்படித்தான் நம்பினார்கள்.