சிங்கப்பூர் போன ராஜாவும் சிறைப்பட்ட ராணியும்

இன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டு மாடில ஒரு மகாராணிய சிறை பிடிச்சுட்டாங்க.

(பதறாதீங்க. விளையாட்டுல.)

திருவையாறுல எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு கூட்டம் கூடும். கூட்டம்னா மொத்தமே மூணு பேர்.

டேபிள சுத்தி உக்காந்து, டைஸ் உருட்டி, கதை பேசிப் பேசியே ஆடற விளையாட்டு. நான்தான் கதை சொல்றவன். ராஜாவும் தளபதியும் தவிர அந்த உலகத்துல இருக்கற மத்த எல்லாருமே நான்தான். எதிரி, குடிமக்கள், குதிரை உட்பட.

என்கூட காலேஜ்ல படிச்ச பிரபு ராஜா. தஞ்சாவூர்ல லேப் டெக்னீஷியனா இருக்கற ஸ்டெல்லா தளபதி.

ஆரம்பத்துல ரெண்டு பேரும் சாதா வாள்வீரங்க. பூதத்த வெட்டி, டிராகன வெட்டி, கடைசில ஒரு நாடே கைக்கு வந்துருச்சு.

அப்பதான் தெரிஞ்சுது, டிராகன வெட்டறது எவ்வளவு ஈஸின்னு. நாட்ட ஆளணும்னா வரி போடணும், கோட்டை கட்டணும், களஞ்சியம் காலியாகாம பாத்துக்கணும், எவனாவது கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணணும்.

இதுல பிரபுவுக்குக் கடைசி ஐட்டம் மட்டும் வராது. மலையூர்னு ஒரு ஊர் அவன எதிர்த்துக் கிளம்பிருச்சு. அவன் கொடியக்கூட எரிச்சுட்டாங்க. ஐயா உடனே படைய அனுப்பி ஊரச் சுத்தி வளைச்சுட்டாரு.

அந்த நேரம் பாத்து அவனுக்கு சிங்கப்பூர்ல வேலை கெடச்சுருச்சு.

கிளம்பற அன்னிக்குப் பெட்டிய கார்ல ஏத்திக்கிட்டே என்கிட்ட கேக்கறான். "டேய், ராஜ்யத்த என்னடா பண்ணுவ? ராஜா செத்துட்டாருன்னு மட்டும் முடிச்சுராத."

நான் பதில் சொல்றதுக்குள்ள அவன் வொய்ஃப் கவிதா முந்திக்கிட்டாங்க. "ராஜ்யத்த நான் பாத்துக்கறேன். நீங்க பாஸ்போர்ட்ட பாத்துக்கங்க."

சும்மா சொல்றாங்கன்னுதான் நெனச்சோம். இத்தன நாளா நாங்க ஆடறதப் பாத்து தலையில அடிச்சுக்கிட்டவங்க ஆச்சே.

இன்னிக்கு ஒரு டப்பா அசோகா அல்வாவோட வந்து, நேரா பிரபு சேர்ல உக்காந்துட்டாங்க.

ஸ்டெல்லா நெலவரத்த எடுத்துச் சொன்னா. "படை ரெடிக்கா. நீங்க 'ம்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கோட்டைய உடைச்சு உள்ள போயிரலாம்."

கவிதா என் பக்கம் திரும்பினாங்க. "அண்ணா, அந்த ஊர்க்காரங்க ஏன் சண்டைக்கு வந்தாங்க?"

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுக்கு ஒரு காரணம் நான் எப்பவோ யோசிச்சு வச்சிருக்கேன். இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்ல.

"ராஜா அரண்மனைக்குக் குளம் வெட்டினாருல்ல? அவங்க ஏரிக்கு வர்ற தண்ணிய அதுக்குத் திருப்பி விட்டுட்டாரு. அவங்களுக்கு நடவே இல்ல."

கவிதா ஸ்டெல்லாவப் பாத்தாங்க.

ஸ்டெல்லா குரல தாழ்த்தி, "ரொம்ப அழகான குளம்க்கா"ன்னா.

"நான் போய்ப் பேசறேன். படை வேணாம், நான் மட்டும் போறேன்."

"பிடிச்சு வச்சுப்பாங்கக்கா. ராணி போயிட்டா நாடே போச்சு."

"பரவால்ல. நாம பண்ணது தப்பு, நாமதான் போகணும்."

போற வழில ஆபத்து வருதான்னு டைஸ் உருட்டணும். இருபது வரைக்கும் இருக்கற டைஸ். பத்துக்கு மேல விழுந்தா தப்பிச்சுக்கலாம்.

மூணு விழுந்துச்சு.

கோட்டை வாசல்லயே ராணியப் பிடிச்சு உள்ள அடைச்சுட்டாங்க. ஸ்டெல்லா மூஞ்சி வெளுத்துருச்சு. நாங்க மாசக்கணக்கா உக்காந்து கட்டின நாடு.

சரியா அப்ப பிரபு வீடியோ கால்ல வந்தான். "எப்படிடா இருக்கு என் நாடு?"

சொன்னேன்.

"ஸ்டெல்லா, தாக்கு! கோட்டைய இடி!"

கவிதா போன வாங்கிட்டாங்க. "ஏங்க, உள்ள நான் இருக்கேன்."

"விளையாட்டுதான கவி."

"விளையாட்டுன்னா இடிச்சுருவீங்களா?"

(நானும் ஸ்டெல்லாவும் அசோகாவ மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம்.)

தாக்கக் கூடாதுன்னு கவிதா ஸ்டெல்லாவுக்கு சைகை காட்டிட்டு, செல்போன டம்ளர்ல சாய்ச்சு வச்சாங்க. "அண்ணா, அந்த ஊர்த் தலைவரக் கூப்பிடுங்க."

தலைவரும் நான்தான். தொண்டையக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். "எத்தன தடவ ஆள் அனுப்பினோம். அரண்மனையிலேர்ந்து ஒருத்தர் வந்தீங்களா?"

"இப்ப வந்துட்டேன்ல, சொல்லுங்க."

நெஜமா சொல்றேன், கோவமாப் பேச நெறைய வச்சிருந்தேன். எல்லாம் மறந்து போச்சு.

தலைவர் தண்ணியக் கேட்டாரு. ராணி குடுத்துட்டாங்க.

போன்லேர்ந்து ஒரே கதறல். "ஐயோ, குளத்துல தாமரை விட்டிருக்கேன் கவி."

"ஊர்ல நாத்து காயுது, உங்களுக்குத் தாமரையா?"

அடுத்து, அரசவையில எங்க ஆள் ஒருத்தர் வேணும்னு தலைவர் கேட்டாரு. அவரையே நீர்வள அமைச்சராப் போட்டுட்டாங்க.

"அவன் என் கொடிய எரிச்சவன்!"

"துணிதான. வேற தச்சுக்கலாம்."

கோட்டைக் கதவு திறந்துச்சு. படை ஒரு ஆள்கூட சாகாம வீடு திரும்புச்சு. ஸ்டெல்லா எழுந்து நின்னு ராணிக்கு சல்யூட் வச்சா.

பிரபு முறுக்கிக்கிட்டே, "நான் லீவுக்கு வந்தா ராஜா நான்தான?"ன்னு கேட்டான்.

"வாங்க, பாப்போம்"னு சொல்லி கட் பண்ணிட்டாங்க.

ஸ்டெல்லா பஸ்ஸுக்குக் கிளம்பிட்டா. கவிதா டப்பாவக் கழுவி எடுத்துக்கிட்டு, படிகிட்ட நின்னாங்க.

"அண்ணா, அவர் போனதுலேர்ந்து தினம் போன்ல சாப்டியா, தூங்கினியா, வேலை எப்படி, அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன பேசறதுன்னே ரெண்டு பேருக்கும் தெரியல. இன்னிக்குதான் வீட்ல இருந்தப்ப மாதிரி சண்டை போட்டோம்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

ரெண்டு படி எறங்கிட்டுத் திரும்பினாங்க. "அடுத்த வாரம் எந்த ஊர் எதிர்த்துக் கிளம்பும்?"

கிளம்ப வேண்டிய ஊர் எதுவும் என்கிட்ட பாக்கி இல்ல. மக்கள் எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க.

ஆனா ஒரு புருஷனும் பொண்டாட்டியும் ஒரு மணி நேரமாவது அடிச்சுக்கணும். நல்லதா ஒரு கலகத்துக்குக் காரணம் சொல்லுங்க மக்களே, கமெண்ட்ல வெயிட்டிங்.