அக்காவுக்குச் சுட்ட தோசை

மகள் இன்று கோதுமை மாவைக் கரைத்து, சின்னச் சின்னதாகக் கனத்த தோசைகள் சுட்டாள். அந்த வாசனை என்னைப் பலாபத்வலப் பக்கம் இருந்த தோட்டத் தொழிலாளருக்கான எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

கொழும்பில் வீட்டு வேலைக்கு விடப்பட்டிருந்த பதின்மூன்று வயது அக்கா, அடி தாங்காமல் ஓடிவந்திருந்தாள். அம்மா அவளை அடுப்படியில் உட்காரவைத்தாள். மாவில் சீனி போட்டு, உள்ளங்கை அளவில் தடித்த தோசைகளாகச் சுட்டுக்கொடுத்தாள்.

"இன்னொன்னு சாப்புடு புள்ள."

"திரும்ப அங்க அனுப்ப மாட்டீங்கதானேம்மா?"

"மொதல்ல சாப்புடு."

அக்கா மென்றுகொண்டிருக்கும்போதே, அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரோடு அப்பா வாசலில் வந்து நின்றார். அவரை அழைத்துவர அப்பாவை அனுப்பியதே அம்மாதான். அதுவரை அக்காவை உட்காரவைக்கத்தான் அத்தனை தோசையும்.

அக்கா அழவில்லை. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத் தரகரோடு போனாள். அம்மா, கல்லில் வெந்துகொண்டிருந்ததைக் கருகாமல் திருப்பிப் போட்டாள்.