ஓநாய் அடிக்க மறுத்தவர்

செய்தி வந்தபோது நான் பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன். பத்தாம் வகுப்புக்கு வரலாற்றுத் தாள். சட்டைப் பையில் தொலைபேசி மூன்று தரம் அதிர்ந்து ஓய்ந்தது. மண்டபத்தில் எடுக்கக் கூடாது என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குறுஞ்செய்தியை மட்டும் பார்த்தேன். சாவகச்சேரியில் இருக்கும் சிவநேசன் சாரின் அக்கா எழுதியிருந்தார்: "தம்பி இண்டைக்குக் காலமை எங்களை விட்டிட்டுப் போட்டான்." அப்போது ஒரு பிள்ளை எழுந்து மேலதிகத் தாள் கேட்டது. கொடுத்தேன். "சார், நாலு தாள் தந்துட்டீங்க, எனக்கு ஒன்னு போதும்" என்று மூன்றைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மூன்று தாளையும் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றேன்.

நீங்கள் எல்லோரும் அறிந்த சிவநேசன் சார், வீட்டுப்பாடம் கொடுக்காத கணக்கு ஆசிரியர். பதினொரு வருடம் ஹாலிஎலயில் எங்களோடு இருந்தார். ஒரே மாதிரியான கணக்கை இரண்டாவது தரம் செய்யச் சொன்னதில்லை. பெற்றோர் அதிபரிடம் முறையிட்டார்கள். அதிபர் அழைத்துக் கேட்டபோது, "ஒரு கணக்கு விளங்கினா ஒருக்காப் போதும். விளங்காட்டி நூறு தரம் செய்தும் என்ன பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்படியிருந்தும் அவருடைய பிள்ளைகள் நன்றாகத்தான் சித்தியடைந்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நான் வரலாறு படிப்பிப்பவன், ஒன்றையே பத்துத் தரம் சொல்வது என் பிழைப்பு.

அவர் எங்கள் பக்கத்து வீட்டில் அறை எடுத்திருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். சாருடைய அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்தபோது கையில் பிடித்து விளையாடும் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு கதை விளையாட்டு. நாடு கடத்தப்பட்ட ஒரு வீரன் ஊர் ஊராகப் போய், சண்டை போட்டு, பலம் சேர்த்து, கடைசியில் கோட்டையைப் பிடித்திருக்கும் அரசனை வெல்ல வேண்டும். சார் அந்தக் கதையில் விழுந்துவிட்டார். இடைவேளை மணி அடித்தால் அந்த நாட்டு அரசியலை எனக்கு விளக்குவார். மந்திரிக்கும் மாலுமிக்கும் என்ன பகை, ஊமைப் பெண் சைகையில் ஏன் பொய் சொன்னாள் என்றெல்லாம். வரலாற்று ஆசிரியருக்கே வரலாறு.

ஆனால் கோட்டை வாசல் திறக்க நாற்பதாவது லெவல் வேண்டும். அவருடைய வீரன் பத்தொன்பதில் நின்றான். லெவல் ஏற ஒரே வழி, சதுப்புக் காட்டுக்குப் போய் ஓநாய் அடிப்பது. ஒன்றை அடித்தால் இன்னொன்று வரும். அதே உறுமல், அதே பாட்டு, அதே மூன்று வெட்டு. இரண்டு நாள் அடித்துவிட்டு ஓய்வறையில் பெட்டியை மேசைமேல் போட்டார்.

"கதை சொல்லத் தெரியாதவன் வைக்கிற வேலை உது" என்றார். "எனக்கு அந்த ஊமைப் பெட்டைக்கு என்ன நடந்ததெண்டு தெரியவேணும். அதுக்கும் ஓநாய்க்கும் என்ன சம்பந்தம் சொல்லும்?"

மிச்சமாகிய ஒரு வினாத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னும் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு ஓநாய். விடையின் கீழ் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் பைத்தியத்துக்கு அவர் ஊர்ப் பேச்சான "விசர்" என்பதை எழுதினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

அதன்பிறகு அவர் ஓநாய் அடிக்க மறுத்துவிட்டார். கோட்டை மதிலில் ஒரு பழைய சாக்கடை வழி இருப்பதைக் கண்டுபிடித்து, பத்தொன்பதாம் லெவலிலேயே உள்ளே புகுந்து அரசனோடு மோதினார். ஒரே அடியில் செத்தார். பதினொரு தரம் போனார், பதினொரு தரமும் ஒரே அடி. "தோத்தாலும் புதுசாத் தோக்கவேணும்" என்பது அவர் வாதம். "சார், பதினொரு வாட்டியும் ஒரே மாதிரித்தானே செத்தீங்க, இதுல எது புதுசு?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வந்தவர் பெட்டியை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். என் அம்மா எட்டிப் பார்த்தார். அம்மா பசறைப் பக்கத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். என்னோடு வந்து இருக்கத் தொடங்கிய பிறகு கை சும்மா இருக்க மாட்டாமல் வேலியில் நிற்கும் இலையைக்கூடக் கிள்ளிக்கொண்டிருப்பார். ஆங்கிலம் தெரியாது. திரையின் மேலே இருந்த எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். வீரனின் பெயர். சார் தன் பெயரையே ஆங்கிலத்தில் போட்டிருந்தார். பெட்டி எட்டு எழுத்துக்குமேல் ஏற்காததால் கடைசி எழுத்து விழாமல் "சிவநேச" என்று நின்றுவிட்டது. அதை அப்படியே சொன்னேன்.

"அரைப்பேரா போட்டுட்டாய்ங்க?" என்றார் அம்மா, உண்மையான வருத்தத்தோடு. "எத்தன கிலோ கொறஞ்சுச்சு சார்?"

சாருக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து செய்யும் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்றுதான் பதிவார்கள். கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க நின்றிருப்பாள், மழையில் நனைந்திருப்பாள், அட்டை கடித்திருக்கும், ஆனாலும் அரைப்பேர்தான். நான் இதை விளக்கியதும் சார் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. "சரியாச் சொன்னீங்கள் அம்மா. நிறை காணேல்லை. நாலாயிரம் ஓநாய் குறையுது."

"ஓநாய்தானே? குடுங்க இப்பிடி."

அன்று பின்னேரம் அம்மா அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் வாள் வீசும் என்று ஒருமுறை காட்டினோம், அவ்வளவுதான். இரண்டு கட்டைவிரலும் கொழுந்து கிள்ளும் அதே வேகத்தில் போயின. கதை அவருக்கு வேண்டாம், அரசனும் வேண்டாம். சதுப்புக் காட்டை "மலை" என்பார். தோட்டத்தில் வேலைத்தலத்துக்கு அதுதான் பேச்சு. "இன்னிக்கு எந்த மலை சார்?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். சார் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இதுவரை நடந்த கதையைத் தமிழில் சொல்வார். அம்மா ஊம் கொட்டிக்கொண்டே அடிப்பார். இப்படித்தான் எங்கள் வீடு ஒரு வருடம் நடந்தது. என்னை யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

பிறகு சாருக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார்கள். செவ்வாயும் சனியும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு கணக்கை இரண்டாம் தரம் செய்யாத மனிதனுக்கு வந்த வருத்தத்தைப் பாருங்கள். எனக்கு அப்போது கடவுள்மேல் வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

நாலு மாதம் வாய் திறக்காமல் போய்வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் குசினிக்கு வந்து, முட்டைக்கோவா நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னார்:

"நாளைக்கு நான் போகேல்லை அம்மா."

"ஏன் சார், பஸ் இல்லையா?"

"பஸ் இருக்கு. எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு. அதே கதிரை, அதே ஊசி, அதே நாலு மணித்தியாலம். ஓநாய் அடிச்சாலாவது லெவல் ஏறும். இதிலை ஒண்டும் ஏறாது. நிண்ட இடத்திலை நிக்கிறதுக்கே இவ்வளவு அடிபடவேண்டிக் கிடக்கு. இனிப் போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. போகாவிட்டால் எத்தனை நாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பொறுமை, மாணவர்கள், அக்கா என்று நான் ஒரு சொற்பொழிவுக்கு வாயெடுத்தேன். பொறுமைக்கு உதாரணமாக அம்மாவையே காட்டலாம் என்றும் நினைத்தேன். அம்மா முந்திக்கொண்டார். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நாங்க மட்டும் ஏறவா போனோம் சார்? எட்டு நாள் கழிச்சுப் போனா அதே நெரையில அதே செடி திரும்ப மொளச்சு நிக்கும். ஒருநாளும் மலைய முடிச்சுட்டோம்னு வீட்டுக்கு வந்ததில்ல."

"உங்களுக்கு அலுக்கேல்லையா?"

"அலுக்காம இருக்குமா? வெறுத்துப் போயிரும். திட்டிக்கிட்டேதான் போவோம். கங்காணிய, மழைய, பெத்தவங்கள, எல்லாத்தையும் திட்டுவோம். அடுத்த நெரையில ஒருத்தி நின்னு கூடச் சேர்ந்து திட்டுனா, பொழுது போயிரும்." நறுக்கிய கோவாவைச் சட்டியில் தள்ளினார். "நாளைக்கு நான் வாறேன். நீங்க திட்டிக்கிட்டே வாங்க. பொட்டிய எடுத்துக்கங்க."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு இருவரும் பஸ் ஏறினார்கள். ஹாலிஎலயிலிருந்து பதுளைவரை சார் திட்டினாராம். ஊசியை, டாக்டரை, விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரனை, கல்வித் திணைக்களத்தை. அம்மா "ஆமாங்க, ஆமாங்க" என்று வந்தாராம். உள்ளே அவர் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க, அம்மா வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்து ஓநாய் அடித்தார். முடிந்து வந்ததும் பெட்டியை நீட்டி, "ரெண்டு ஏறியிருக்கு சார்" என்றார். அவரால் ஏற முடியாத நாளில் அவருடைய பெயர் ஏறியிருந்தது. சார் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விசர் அம்மா" என்றாராம். அம்மா இதை எங்களிடம் நல்ல பட்டம் கிடைத்ததுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டு வருடம் இப்படிப் போனார்கள். ஒரு செவ்வாயும் ஒரு சனியும் தவறவில்லை. மண்சரிவில் பாதை மூடிய நாளில்கூடத் தண்டவாள ஓரமாக நடந்து போயிருக்கிறார்கள். நாற்பதாம் லெவல் எப்போதோ தாண்டிவிட்டது. கோட்டை வாசல் திறந்தே கிடந்தது. ஆனால் சார் உள்ளே போக அவசரப்படவில்லை. "இருக்கட்டும் அம்மா, இன்னும் கொஞ்சம் அடிப்பம்" என்றார். ஓநாயைக் கண்டால் ஓடிய மனிதன் சொன்ன வார்த்தை இது. கேட்டபோது நான் கிண்டல் செய்யவில்லை. செய்ய முடியவில்லை.

சாவகச்சேரியில் அக்கா மகளின் கல்யாணத்துக்குப் போகுமுன் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தார். "வந்து கோட்டைக்குள்ளை போவம். நான் இல்லாமப் போகக்கூடாது, கதை விளங்காது." அங்கேயும் ஆஸ்பத்திரியில் இடம் பேசி வைத்திருந்தார். கல்யாணம் நல்லபடி முடிந்து மூன்றாம் நாள் காலை, தேநீர்க் கோப்பையோடு கதிரையில் இருந்தபடியே இதயம் நின்றுவிட்டது. நான் போய்க் கொள்ளிவரை நின்று வந்தேன். அங்கே வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "நாப்பத்தாறு வயசு. அரை ஆயுள்."

திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை காலை, அம்மா சேலை மாற்றி, செருப்பு போட்டு, வாசல்படியில் நின்றார். "எங்கம்மா?" என்று கேட்டேன். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். "நீ கத வாசி. சார் மாதிரி வாசி" என்றார்.

ஊமைப் பெண் பொய் சொல்லவில்லை. அவள் காட்டியபடியே அந்த அரசனின் தங்கைதான். சாருக்கு அது தெரியாமலே போய்விட்டது. அரசன் நாலாவது வெட்டில் விழுந்தான். அம்மா திரையைப் பார்த்தபடி, "இவ்ளோதானா? இதுக்கா சார் பதினோரு வாட்டி செத்தாரு?" என்றார். பிறகுதான் அழுதார். செய்தி வந்த நாளிலிருந்து அதுவரை அழவில்லை. நானும் அழுதேன்.

திரையில் கடைசியாக ஒரு வரி வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "சிவநேச நாட்டை மீட்டான்னு இருக்கு."

"இன்னும் அரைப்பேர்தானா?"

எட்டு எழுத்துக் கணக்கைத் திரும்பவும் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். செத்த வீட்டில் பேசிக்கொண்டதையும் சொல்லிவிட்டேன், அரை ஆயுள் என்று. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்துப் பார்த்துப் பேர் போடுறவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. அவரு ஒரு நாள் பெரட்டுக்கு வராம இருந்தாரா? திட்டிக்கிட்டே வந்தாரு, ஆனா வந்தாரு. நீ எழுதுறவன்தானே. நீ போடு."

என்னிடம் அவருடையதாக இருப்பது அந்த வினாத்தாள், நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு, இரண்டு கோடு, பக்கத்தில் "விசர்". வகுப்பில் ஒன்றையே பத்தாம் தரம் சொல்ல நேரும்போது இப்போதெல்லாம் மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டுச் சொல்கிறேன். அதுவும் அவரிடமிருந்து வந்ததுதான். மற்றபடி இதை எழுத உட்கார்ந்தது அம்மா சொன்ன வேலைக்காக. செவ்வாய், சனி தவறாமல் வந்தவர். ஹாலிஎல, கணக்கு ஆசிரியர், கந்தையா சிவநேசன். முழுப்பேர்.