ஆனி மாதத்து மோர்

போன வருடம் என் மகளுக்கு மூன்று வாரம் இருமல் நிற்கவில்லை. அதற்குக் காரணம் மழையா, நான் தினமும் கொடுத்தனுப்பிய மோரா? "வைரல்தான், எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிறது" என்றார் டாக்டர். என் கணவரும் அதையேதான் சொல்கிறார். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் தாம்பரத்திலிருந்து புனேவுக்கு வந்தவர்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. வந்த புதிதில் மகளுக்கு மாதம் தவறாமல் சளி பிடித்தது. பயந்துபோய் என்னென்னவோ படித்தேன். பருவத்துக்கு ஏற்றபடி சாப்பிட்டால் உடம்பு தானே தாக்குப்பிடிக்கும் என்று ஆயுர்வேதம் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. மருந்தை விட இது நல்லதுதானே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் ஊர்த் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை வந்தது. ஆறு பருவம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தமிழ் மாதம், சேர்க்க வேண்டியவை, விலக்க வேண்டியவை. அதைப் பெரிய தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மகளுக்கு நாலு வயது, படிக்கத் தெரியாது. அவளுக்காகப் படங்களும் வரைந்தேன். சாப்பிடக் கூடாததற்கு மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அட்டவணைப்படி ஆனியும் ஆடியும் முதுவேனில், அதாவது கடும் வெயில் காலம். உடம்பு வறளும், குளிர்ச்சியாகக் கொடு என்றிருந்தது. வெள்ளரிக்காய், இளநீர், ஒரு பாட்டில் மோர் என்று தினமும் டேகேருக்கு அனுப்பினேன். வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயவில்லை. நானே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் மோர் கடைந்தேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. மழைக்காலம் என்றால் ஐப்பசி என்றே பழகியவள் நான். இது ஏதோ வந்துபோகிற மழை என்று எண்ணிக்கொண்டேன்.

டேகேரில் குழந்தைகளுக்குச் சாப்பாடு ஊட்டும் அக்கா இங்கேயே புனேயின் போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அவர்தான் ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"என்ன மேடம், வெளிய இப்படி பாரிஷ் கொட்டுது, நீங்க புள்ளைக்கு ஜில்லுன்னு டண்டா மோர் குடுத்து அனுப்புறீங்க?"

"ஆனி மாசம்க்கா. சூடு தணியணும்ல?"

"அரே, அது உங்க மெட்ராஸ்ல! இங்க எங்க வீட்ல தினம் கொள்ளு ரசம்தான் ஓடுது. உங்க ஆனி வெயில கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி வைங்க, என் துணியாச்சும் காயட்டும்."

அவர் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வாரமே இருமல் தொடங்கியது. டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது ஆட்டோவில் அழுதுவிட்டேன். "அம்மாவாலதான்டா, அந்த மோராலதான்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் தலைகீழானேன். மழைக்கால உணவு மட்டும்தான். பழைய அரிசிக் கஞ்சி, பாசிப்பருப்பு, சுக்கு, கொதிக்கவைத்த தண்ணீர். தயிரின் படத்துக்கு மேல் பெருக்கல் குறி போட்டேன். தயிர்சாதம்தான் அவளுக்கு உயிர். கேட்டு அழுதாள், நான் கொடுக்கவில்லை. இருமல் நின்ற பிறகும் கொடுக்கவில்லை. மழை விட்டு அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தபோதும் சுக்குத் தண்ணீரைத்தான் கொடுத்தேன். ஒருமுறை தப்புப் பண்ணியவளுக்கு, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கத் தைரியம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் டேகேரில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். எல்லாருக்கும் பூரியும், தயிரில் செய்யும் ஸ்ரீகண்ட் இனிப்பும் கொடுத்திருக்கிறார்கள். மாலையில் அழைத்துவரப் போனபோது அக்கா சிரிக்கவில்லை.

"மேடம், ஸ்ரீகண்டுல தஹி இருக்கான்னு உங்க பொண்ணு கேட்டா. இருக்குன்னேன். தட்ட நகத்திட்டா. நாக்குல எச்சி ஊறுது, கைய பின்னால கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

வீட்டுக்கு வந்ததும் தயிர்சாதம் பிசைந்து எடுத்துப்போனேன்.

"இது என்ன காலம்மா?" என்றாள்.

"எந்தக் காலமா இருந்தா என்ன? சாப்பிடுடா."

"வேணாம். இருமல் வரும்."

"வராதுடா தங்கம்."

"வந்தா நீ ஆட்டோல அழுவ."

இத்தனை நாளும் அவள் பயந்தது இருமலுக்கு இல்லை. நான் அழுதுவிடக் கூடாதே என்று ஒரு நாலு வயதுக் குழந்தை பிடித்ததை எல்லாம் ஒதுக்கியிருக்கிறாள். அன்று நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகு இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளே தாளைக் கிழித்துவிட்டேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. இப்போது ஐந்து வயது. வாழைப்பழம் கொடுத்தாலும், "சாப்பிடலாமாம்மா?" என்று என் முகத்தைப் படிக்கிறாள். "நீ சும்மா இரு, தானா மறந்துடுவா" என்கிறார் கணவர். அவர் கொடுத்தால் கேட்காமல் சாப்பிடுகிறாள். அது இன்னும் வலிக்கிறது.

பருவம் பார்த்துச் சாப்பிடும் வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழை நாளில் அந்தச் சூடான கஞ்சி எங்கள் எல்லாருக்குமே இதமாகத்தான் இருந்தது. வேறு ஊரின் மாதங்களை வைத்துக்கொண்டு சமைத்ததும், பிறகு பயத்தை வைத்துக்கொண்டு சமைத்ததும் நான்தான்.

இதைப் படிக்கும் அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன். "அம்மாதான் தப்புப் பண்ணிட்டேன், உனக்குப் பிடிச்சதைச் சாப்பிடு" என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் மனம் லேசாகுமா, அல்லது நான் வருத்தப்படுகிறேன் என்று அதையும் தூக்கிச் சுமப்பாளா? இப்படி ஒரு குழந்தையை வளர்த்து மீட்டவர்கள் யாராவது இருந்தால், என்ன சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.