கேள்விக்குறிகளாகிப்போன என் பெயர்

பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டேட்டா அனாலிசிஸ் கோர்ஸில் சேர்ந்தேன். என் கணவர் புது லேப்டாப் வாங்கி, அவரே எல்லாம் செட் செய்து கொடுத்தார்.

அன்று தேர்வுக்கு முந்தைய நாள். அதற்கு வேண்டிய சாஃப்ட்வேரை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகளில் எரர். முதலில் எங்கள் இரும்புலியூர் ஏரியா இன்டர்நெட்டைத் திட்டினேன். பிறகு, "மட்டமான லேப்டாப்பை வாங்கி என் தலையில கட்டிட்டீங்க" என்று கணவர் மேல் பாய்ந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

என்னோடு படிக்கும், கீழ்க்கட்டளையில் இருக்கும் ஷீலாவுக்கு அழுதுகொண்டே போன் செய்தேன்.

"அழாதீங்க அக்கா. எரர்ல என்ன போட்டிருக்கு? முதல் வரியிலேருந்து படிங்க."

அப்போதுதான் படித்தேன். ஃபோல்டர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்.

"லேப்டாப்ல யூசர் பேரு தமிழ்லயா இருக்கு? அந்தப் பேர்லதான் ஃபோல்டரும் இருக்கும், அந்த சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து புரியலக்கா. இங்கிலீஷ்ல இன்னொரு யூசர் போடுங்க."

போட்டேன். ஐந்தே நிமிடத்தில் இன்ஸ்டால் ஆகிவிட்டது. என் கணவர் செய்த ஒரே தப்பு, 'பூங்கொடி' என்று என் பெயரை ஆசையாகத் தமிழில் அடித்ததுதான்.

இப்போதெல்லாம் சிவப்பில் எது வந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்த பிறகுதான் யாரையும் திட்டுகிறேன். அந்தத் தமிழ்ப் பூங்கொடியை மட்டும் லேப்டாப்பிலிருந்து அழிக்கவே இல்லை.